வைகாசியில் மிஞ்சும் மடு

அண்ணாமலையார் ஆண்டில் சில நாட்கள் ஊரை விட்டு ஆற்றுக்குப் போகிறார். தை ஐந்தாம் நாள் மணலூர்பேட்டையில், தென்பெண்ணையில் தீர்த்தவாரி. ரத சப்தமியன்று கலசபாக்கத்தில், செய்யாற்றில். மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில், கௌதம நதியில். எல்லாமே தையிலும் மாசியிலும் வரும் விழாக்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகும் அதன் மிச்சம் ஆற்றில் இருக்கக்கூடிய காலம் அது. இதே துறைகளை வைகாசியில் போய்ப் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் மணல் கிடக்கும். அங்கங்கே நாணல் திட்டுகள். எங்கோ ஒரு பாறைக்கு அடியில், ஆறு திரும்பும் இடத்தில் குடைந்துபோன கரையோரம், பச்சையாகத் தேங்கிய கொஞ்சம் தண்ணீர். அதுதான் மடு.

தை மாதத்து ஆற்றை வைத்து நாம் ஆற்றை அளக்கிறோம். நீர்நாய் வைகாசி மாதத்து ஆற்றை வைத்து அளக்கிறது. இந்த விலங்கின் உடலைப் பற்றியும் அதன் அழிவைப் பற்றியும் நான் சொல்லப்போவது எல்லாமே இந்த ஒரு வேறுபாட்டில் வந்து சேரும்.

பெயரில் நாய் இருந்தாலும் நாய்க்கும் இதற்கும் நெருங்கிய உறவு இல்லை. நீலகிரி மார்ட்டன் அடங்கிய மஸ்டெலிடே குடும்பத்தில் ஒரு கிளை தண்ணீருக்குள் இறங்கியது. அதன் வாரிசுகள்தான் நீர்நாய்கள். உலகில் 13 இனங்கள். இந்தியாவில் மூன்று இருக்கின்றன. மூன்றுமே தமிழ்நாட்டில் உண்டு. பெரிய ஆறுகளிலும் அணைகளிலும் கூட்டமாகத் திரிவது மென்மயிர் நீர்நாய். 7 முதல் 11 கிலோ வரை எடை இருக்கும். காவிரி, கொள்ளிடம், மாயாறு, அமராவதி அணை ஆகிய இடங்களில் காணப்படுவது இதுதான். மலை ஓடைகளில் வாழ்வது சிறுநக நீர்நாய். பெரும்பாலும் 3 கிலோ அளவில்தான் இருக்கும். உலக நீர்நாய்களிலேயே சிறியது. நீலகிரி, ஆனைமலை போன்ற மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதிகளில் இருக்கிறது. மூன்றாவது யூரேசிய நீர்நாய். ஐரோப்பாவின் மேற்குக் கரையிலிருந்து ஜப்பானுக்கு அருகில் வரை பரவிய இனம். இலங்கையில் இருக்கும் ஒரே நீர்நாயும் இதுவே. நம் மலைகளில் இது மிக அரிது.

இந்த மூன்றையும் புரிந்துகொள்ள முதலில் தோலைப் பார்க்க வேண்டும்.

தண்ணீர் உடம்பின் சூட்டைக் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உறிஞ்சிவிடும். ஆகவே வெப்ப இரத்த விலங்கு ஒன்று தண்ணீரில் பிழைக்க வேண்டுமானால் ஏதாவது ஒரு போர்வை தேவை. திமிங்கிலமும் சீலும் தோலுக்கடியில் தடித்த கொழுப்பை வைத்துக்கொண்டன. நீர்நாய்க்கு அப்படிப்பட்ட கொழுப்பு அடுக்கு கிடையாது. நீளமாக, மெலிதாக, எந்தப் பொந்திலும் வளைந்து நுழையும்படி அமைந்த உடம்பு அது. கொழுப்பு சேர்ந்தால் அந்த நெளிவு போய்விடும். அதற்குப் பதிலாக மயிர் வந்தது. யூரேசிய நீர்நாயின் தோலில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 50,000 மயிர்கள் இருக்கின்றன. மனிதத் தலையில் அதே அளவு இடத்தில் இருப்பது இருநூறு சொச்சம்தான். மயிர் இரண்டு அடுக்காக இருக்கிறது. வெளியே நீண்ட, தடித்த மயிர்கள். அவை நனைந்து ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கூரைபோல் மூடிக்கொள்ளும். அடியில் குட்டையான, மிக மெல்லிய மயிர்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் இந்த அடிமயிர் ஒவ்வொன்றிலும் செதில்கள் துருத்திக்கொண்டிருப்பது தெரியும். ஒன்றின் செதில் இன்னொன்றின் இடைவெளியில் போய்ப் பொருந்திக்கொள்கிறது. அந்தப் பின்னலுக்குள் காற்று மாட்டிக்கொள்கிறது. நீர்நாய் முழுகும்போது மேலே குமிழிகள் வரிசையாக எழுவதைப் பார்த்தவர்கள் உண்டு. மயிரில் சிக்கிய காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவதுதான் அது. தண்ணீருக்குள் இருக்கும் நேரம் முழுவதும் நீர்நாயின் தோல் நனைவதே இல்லை என்று சொல்லிவிடலாம்.

ஆனால் இந்தக் காற்று நிரந்தரமல்ல. மயிர் அழுக்கானாலோ, சிக்கலானாலோ, எண்ணெய்ப் பசை ஏறினாலோ செதில்களின் பிடி தளர்ந்து தண்ணீர் உள்ளே வந்துவிடும். ஆகவே நீர்நாய் ஒவ்வொரு வேட்டைக்குப் பிறகும் கரையேறி மணலிலும் புல்லிலும் புரள்கிறது, நக்கிக் கோதிக்கொள்கிறது, ஒன்றன் முதுகை இன்னொன்று கோதிவிடுகிறது. விளையாட்டாகத் தெரியும் அந்தப் புரளல் உயிர்காக்கும் வேலை. நீந்துவதற்குத் தண்ணீர் எவ்வளவு தேவையோ, அவ்வளவு தேவை காய்ந்து கிடக்கும் கரையும்.

திருவண்ணாமலையைச் சுற்றித் தண்ணீருக்குப் பஞ்சமில்லாத இடங்கள் இருக்கின்றனவே, கோயிலுக்குள் சிவகங்கைத் தீர்த்தமும் பிரம்ம தீர்த்தமும், வெளியே அய்யங்குளமும், கிரிவலப் பாதை நெடுகத் தீர்த்தங்களும் இருக்கின்றனவே, அங்கெல்லாம் ஏன் நீர்நாய் இல்லை என்று ஒரு பள்ளி மாணவர் கேட்டால் பதில் இதுதான்: அங்கே தண்ணீர் இருக்கிறது, கரை இல்லை. நான்கு புறமும் கருங்கல் படிக்கட்டு. புரள மணல் இல்லை, ஒளிய நாணல் இல்லை, குட்டி போட மரவேரடிப் பொந்து இல்லை, ஒரு குளத்திலிருந்து அடுத்ததற்கு மறைவாகப் போக ஓடை இல்லை. மனிதர்கள் இறங்கி நீராடக் கட்டப்பட்டவை அவை. அந்தப் பணிக்குப் பொருத்தமானவை. நீர்வாழ் விலங்குக்கும் நீரிலும் நிலத்திலும் பாதிப்பாதியாக வாழும் விலங்குக்கும் உள்ள வேறுபாட்டை இந்தத் தீர்த்தங்கள் தெளிவாகக் காட்டிவிடுகின்றன. மீன் பிரம்ம தீர்த்தத்தில் வாழ்ந்துவிடும். நீர்நாயால் முடியாது.

இனி வயிற்றுக்கு வருவோம். சூட்டைக் காக்கும் மயிர் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் கொஞ்சம் சூடு போய்க்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்ட உள்ளே அடுப்பு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். நீர்நாய் தன் எடையில் 15 சதவீதம் அளவுக்கு நாள்தோறும் தின்கிறது. 8 கிலோ எடையுள்ள ஒரு மென்மயிர் நீர்நாய்க்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோவுக்கு மேல் மீன் வேண்டும். ஆறு பேர் கொண்ட குடும்பம் என்றால் ஏழு கிலோவைத் தாண்டும். இன்று கிடைக்காவிட்டால் நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க அதற்குக் கொழுப்புச் சேமிப்பு இல்லை.

சாத்தனூர் அணைக்குப் போனவர்கள் அங்குள்ள முதலைப் பண்ணையில் சதுப்பு முதலைகளைப் பார்த்திருப்பார்கள். நம் ஆறுகளில் நீர்நாயோடு ஒரே மடுவைப் பங்குபோட்டுக்கொள்ளும் விலங்கு அது. முதலைக்கு உடம்பைச் சூடாக்கும் வேலையை வெயில் செய்கிறது. தண்ணீர் வற்றினால் கரையில் வளை தோண்டிப் படுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் இரையில்லாமல் இருக்கும். நீர்நாயால் அப்படி ஒரு வாரம்கூட இருக்க முடியாது. ஆற்றில் பத்து மாதம் தண்ணீர் இருந்தது, இரண்டு மாதம்தான் இல்லை என்ற கணக்கு முதலைக்குப் பொருந்தும். நீர்நாய்க்கு அந்த இரண்டு மாதம்தான் ஆண்டு முழுவதையும் தீர்மானிக்கிறது.

வைகாசியில் மடு மிஞ்சினால் நிலைமை தலைகீழாகிவிடும். ஆறு சுருங்கச் சுருங்க, விரிந்து கிடந்த மீன் எல்லாம் அந்த ஒரு பள்ளத்தில் வந்து சேரும். கெண்டையும் கெளுத்தியும் விராலும் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். ஆண்டிலேயே நீர்நாய்க்கு எளிதாக இரை கிடைக்கும் காலமாகவும் அது மாறிவிடலாம். ஒரே மாதம் பட்டினியாகவும் விருந்தாகவும் இருக்க முடியும். நடுவே நிற்பது ஒரு மடு.

மென்மயிர் நீர்நாய்கள் வேட்டையாடுவதைப் பார்த்தால் கூட்டம் எதற்கு என்று விளங்கும். ஆற்றின் குறுக்கே வரிசையாகப் பரவி, முழுகி எழுந்து, மீன் கூட்டத்தைக் கரையோரத்து ஆழமற்ற நீருக்கு ஓட்டிக்கொண்டு போகும். முதலை நெருங்கினால் குடும்பமே சேர்ந்து கத்தி, சுற்றி வளைத்து விரட்டப் பார்க்கும். கலங்கிய நீரில் மீனைக் கண்டுபிடிக்க மீசைமயிர் உதவுகிறது. அதன் வேரைச் சூழ்ந்த நரம்புகள் மீன் வால் அசைத்த நீரின் அதிர்வையும் உணரும்.

சிறுநக நீர்நாய் வேறு வகை. அதன் சொத்து கைகள்தான். விரல்களின் நடுவே சவ்வு முழுதாக இல்லை. நகங்கள் மழுங்கிக் குறுகி, விரல்நுனிச் சதையைத் தாண்டுவதே இல்லை. இவ்வளவு குறைத்துக்கொண்டதற்குப் பலன், தொட்டறியும் விரல்கள். ஓடையில் கற்களுக்கு அடியில் கையை விட்டுத் துழாவி நண்டை இழுத்தெடுக்கும். துழாவும்போது முகம் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். நண்டு ஓட்டை நொறுக்க அகலமான கடைவாய்ப் பற்கள் இருக்கின்றன. 1973-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஒரு சோதனை இதன் கண்ணைப் பற்றி வியப்பான செய்தி சொன்னது. நல்ல வெளிச்சம் இருக்கும்போது காற்றிலும் நீருக்கடியிலும் இதன் பார்வைக் கூர்மை ஏறக்குறைய ஒன்றே. நாம் தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தால் எல்லாம் மங்கிவிடும்; கருவிழியின் முன்பக்கம் ஒளியை வளைக்கும் வேலை தண்ணீரில் நின்றுபோவதால் வரும் கோளாறு அது. நீர்நாய் கண்ணுக்குள் இருக்கும் வில்லையைத் தசையால் பிதுக்கி, இழந்த வளைவை அங்கே ஈடுகட்டிக்கொள்கிறது.

இவ்வளவு கைதேர்ந்த நீச்சல்காரருக்குப் பிறக்கும்போது நீந்தத் தெரியாது. சிறுநக நீர்நாய் சுமார் இரண்டு மாதம் சுமந்து குட்டி போடும். குட்டிகளின் கண் திறக்கவே ஏறத்தாழ 40 நாள் ஆகும். அதற்குப் பிறகும் தண்ணீரைக் கண்டால் பின்வாங்கும். தாய் வாயில் கவ்விக் கொண்டுபோய் நீரில் விட்டுப் பழக்கும். தந்தை இரை கொண்டுவரும். முந்தைய ஈற்றுக் குட்டிகள் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும். இந்தப் பாசத்தில் மனம் இளகாதவர் குறைவு. ஆனால் அறிவியலுக்கு இதில் வேறொரு செய்தி இருக்கிறது. குட்டி இருக்கும் அந்த வாரங்களில் குடும்பம் வேறிடம் போக முடியாது. பொந்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஓடைத் துண்டு அத்தனை வாய்க்கும் சோறு போட்டாக வேண்டும்.

நீர்நாயை மலைக்காட்டு விலங்காகவே இன்று பலர் நினைக்கிறார்கள். வால்பாறையில் பார்த்தோம், முதுமலையில் பார்த்தோம் என்றுதான் படங்கள் வருகின்றன. பழைய சான்றுகள் வேறு மாதிரி சொல்கின்றன. குறுந்தொகையிலும் ஐங்குறுநூற்றிலும் அகநானூற்றிலும் வரும் நீர்நாய் மருத நிலத்தில் இருக்கிறது. பொய்கையில் தங்கி, பிரம்புப் புதர் ஓரத்தில் திரிந்து, வாளை மீனை அன்றைய இரையாகப் பிடிக்கிறது. வாளை பெரிய உடம்பும் அகன்ற வாயும் கொண்ட மீன். ஆழமான, நின்ற நீர் கேட்பது. நீர்நாய், வாளை, பிரம்பு மூன்றையும் ஒரே காட்சியில் பார்த்துப் பாடியவர்கள் வயல்வெளியில் வற்றாத பொய்கைகளையும் புதர் மண்டிய கரைகளையும் கண்டிருக்கிறார்கள். அன்றன்றைக்கு வேட்டையாடியாக வேண்டிய விலங்கு இது என்பதையும் கவனித்திருக்கிறார்கள். சூழலியல் ஆய்வாளர்கள் இந்தப் பாடல்களை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இன்னொரு சான்று 1823-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தென்னிந்திய யூரேசிய நீர்நாய்க்கு அந்த ஆண்டு அறிவியல் பெயர் சூட்டியவர் பாரிஸில் இருந்த பிரெடரிக் குவியே. அவர் விவரித்த நீர்நாயின் இடமாகப் பதிவாகியிருப்பது புதுச்சேரி. நந்தி மலைப் பகுதியில் பிறந்து, கிருஷ்ணகிரி வழியாக வந்து, சாத்தனூரைத் தாண்டி, மணலூர்பேட்டை, திருக்கோவிலூர் என்று ஓடும் தென்பெண்ணை கடலைச் சேர்வது புதுச்சேரிக்குத் தெற்கே, கடலூரை ஒட்டி. மலை இந்த விலங்குகளின் ஒரே தாயகமல்ல. சமவெளியில் மடுவும் கரையும் குறையக் குறைய, மலையில் இருந்தவை மட்டும் நம் கண்ணுக்கு மிஞ்சின.

மலையிலும் கணக்கு மாறவில்லை. வால்பாறைச் சுற்றுவட்டாரத்தில் மழைக்காட்டுத் துண்டுகள், தேயிலை, காப்பித் தோட்டங்கள் ஊடே ஓடும் ஓடைகளில் சிறுநக நீர்நாயைத் தேடி இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் செய்த பணி 2012-இல் வெளியானது. தோட்டங்களின் நடுவே ஓடும் ஓடைகளிலும் நீர்நாயின் தடயங்கள் கிடைத்தன. காடு போய்விட்டது, ஆகவே நீர்நாயும் போய்விட்டது என்று கைகழுவ வேண்டியதில்லை என்பதற்கு அது ஆதாரம். ஓடைக்கரையில் கொஞ்சம் புதரும் மரமும் பாறையும் விட்டுவைத்தால் தேயிலைக்கு நடுவிலும் அதற்கு வழி பிறக்கும். அங்கே கோடையில் நீர் ஓடுவதற்குக் காரணம் மேலே இருக்கும் சோலைக்காடும் புல்வெளியும். மழையை உள்வாங்கி மெல்ல மெல்ல விடுவது அவைதான். சமவெளி ஆற்றில் அந்த வேலையைச் செய்வது மணல்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஆற்று மணல் வெறும் கட்டுமானப் பொருளாகப் பார்க்கப்படுகிறது. மணல்துகள்களுக்கு இடையே இருக்கும் வெளியில் வெள்ளக்காலத்து நீர் போய் உட்காருகிறது. மேலே ஓட்டம் நின்ற பிறகும் அந்த நீர் மணலுக்கடியில் நகர்ந்து, பள்ளமான இடங்களில் ஊறி வெளியே வருகிறது. ஆற்றில் ஊற்றுத் தோண்டிக் குடித்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. மடு கோடை முழுவதும் வற்றாமல் இருப்பதற்கு இந்தக் கசிவு முக்கியக் காரணம். பல அடி ஆழத்துக்கு மணலை அள்ளிவிட்டால் மேலேயிருந்து ஊறிவர எதுவும் இருக்காது. நீர்மட்டம் கீழே போய்விடும். மடு ஏப்ரலிலேயே சேறாகிவிடும். பொக்லைன் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறதே என்று சொல்வார்கள். அந்தப் பள்ளத்தின் சுவர் செங்குத்தாக நிற்கிறது. இடிந்து விழுந்துகொண்டே இருக்கிறது. நாணலோ வேரோ அதில் பிடிக்க இன்னும் பல ஆண்டு ஆகும். நீர்நாய் புரள மணல் இல்லை, வளை போடக் கரை இல்லை. காவிரியின் கர்நாடகப் பகுதியில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வு, மென்மயிர் நீர்நாய் எங்கே தங்கும் என்பதில் கரையின் தன்மையும் மறைவும் எவ்வளவு முக்கியம் என்று காட்டியது. மணல் அள்ளுவது ஒரே வீச்சில் மடுவையும் கரையையும் சேர்த்து அழிக்கிறது. இந்த விலங்கின் மேல் விழும் அடிகளில் இதுவே மிகப் பெரியது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வெடி அடுத்தது. மடுவில் தோட்டாவை வீசி மீன் பிடிப்பவர்களுக்கு ஒரு கூடை மீன் கிடைக்கும். முட்டையும் குஞ்சும் உட்பட மற்றதெல்லாம் செத்து அடியில் போய்விடும். ஒரு மடுவை ஒரு நிமிடத்தில் வெறுமையாக்கும் வழி அது. மின்சாரம் பாய்ச்சிப் பிடிப்பதும் இதே ரகம்தான். வலை போட்டுப் பிழைக்கும் மீனவர்கள் வேறு. அவர்களுக்கும் நீர்நாய்க்கும் உள்ள பகை உண்மையானது, அதை மூடி மறைப்பதில் பயனில்லை. செவுள் வலையில் சிக்கிய மீனைப் பிய்த்துத் தின்னும்போது நீர்நாய் வலையையும் கிழிக்கிறது. அன்றைய வருமானம் போவதோடு புது வலைக்கும் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. சினந்து கம்பெடுப்பவரிடம் சட்டம் பேசுவதைவிட, வலை கிழிந்ததற்கு இழப்பீடு தருவது நீர்நாயை அதிகம் காப்பாற்றும். வங்கதேசத்தின் தென்மேற்கில் மீனவக் குடும்பங்கள் மென்மயிர் நீர்நாய்களை வளர்த்து, கயிற்றில் கட்டி, வலைக்குள் மீனை ஓட்டப் பழக்கியிருக்கிறார்கள். அங்கே அது கூலி வாங்கும் தொழிலாளி.

தோல் வணிகம் ஒரு காலத்தில் பெரிய ஆபத்தாக இருந்தது. அந்தச் செறிவான மயிரே எமனாயிற்று. பழனி மலையில் நடந்த நீர்நாய் வேட்டையைப் பற்றி 2002-இல் ஆய்விதழில் கட்டுரை வந்தது. வடக்கே போன தோல்களில் பல திபெத்தியர் அணியும் அங்கிகளின் ஓரத்தை அலங்கரித்தன. 2006 ஜனவரியில் ஆந்திரத்தின் அமராவதியில் நடந்த காலசக்கர விழாவில் தலாய் லாமா விலங்குத் தோல் அணிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதைத் தொடர்ந்து திபெத்தியர்கள் தங்களிடமிருந்த புலி, சிறுத்தை, நீர்நாய்த் தோல்களைத் தெருவில் குவித்துக் கொளுத்தினார்கள். பின்னர் செல்லப்பிராணி மோகம் வந்தது. ஜப்பானில் சிறுநக நீர்நாயைக் கொஞ்சுவதற்கென்றே காப்பிக் கடைகள் திறந்தார்கள். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து குட்டிகள் கடத்தப்பட்டன. 2019-இல் ஜெனீவாவில் கூடிய சைட்டஸ் மாநாடு மென்மயிர், சிறுநக இனங்கள் இரண்டின் பன்னாட்டு வணிகத்தையும் தடை செய்தது. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் மூன்று இனங்களையும் காக்கிறது. ஆனால் சட்டம் விலங்கைக் காக்கும் அளவுக்கு மடுவைக் காப்பதில்லை. அட்டவணையில் ஒரு பள்ளத்தின் பெயரைச் சேர்க்க முடியாதே!

இழந்தது திரும்புமா என்றால், திரும்பியிருக்கிறது. இங்கிலாந்தில் 1950-களின் இறுதியில் நீர்நாய்கள் சரியத் தொடங்கின. விதைகளுக்குப் பூசிய டீல்டிரின் போன்ற பூச்சிக்கொல்லிகள் ஆற்றில் சேர்ந்து, மீனின் உடம்பில் ஏறி, மீன் தின்னும் நீர்நாயில் செறிந்தன. அந்த மருந்துகளை நிறுத்தினார்கள். கென்ட் பகுதியிலும் காணப்பட்டதோடு இங்கிலாந்தின் எல்லா மாவட்டங்களிலும் நீர்நாய் மீண்டுவிட்டது என்று 2011-இல் அறிவித்தார்கள். சிங்கப்பூர்க் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே 1977-இல் தொடங்கிப் பத்தாண்டு சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் படுகையையும் சுத்தம் செய்தார்கள். 1998-இல் சுங்கை புலோவில் மென்மயிர் நீர்நாய் இணை ஒன்று வந்து தங்கியது. பின்னர் பிஷான் பூங்காவில் காலாங் ஆற்றின் கான்கிரீட் கால்வாயை உடைத்து, மண்ணும் கல்லும் செடியும் கொண்ட கரையாக மாற்றினார்கள். இன்று அடுக்குமாடிகளுக்கு நடுவே குடும்பம் குடும்பமாகத் திரிகின்றன. தண்ணீரோடு நிறுத்தாமல் கரையையும் திருப்பிக் கொடுத்ததை நாம் கவனிக்க வேண்டும்.

தென்பெண்ணைக்கு என்ன செய்யலாம்? 1958-இல் திறக்கப்பட்ட சாத்தனூர் அணை 119 அடி உயரத்துக்கு நீரைத் தேக்குகிறது. திருவண்ணாமலை நகரின் குடிநீருக்கும் அது துணை. மரங்கள் சூழ்ந்த தேக்கங்களில் நீர்நாய் நன்றாக வாழும். பெரியாறு ஏரியில் நடந்த ஆய்வுகளே அதைக் காட்டின. ஆனால் அணைக்குக் கீழே ஆற்றின் கதை திறந்துவிடும் நீரைப் பொறுத்தது. 2024 டிசம்பர் 2-ஆம் தேதி அதிகாலை, ஃபெஞ்சல் புயல் மழையில் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி நீர் வெளியேறியது. கரையோர ஊர்கள் மூழ்கின. அதற்கு முந்தைய நாள்தான் அண்ணாமலையில் மண் சரிந்து ஏழு உயிர்கள் போயின. அவ்வளவு வெள்ளம் பார்த்த ஆறு கோடையில் மணலாகக் கிடப்பது நம் கண்ணெதிரே நடக்கிறது. வெள்ளம் ஆற்றுக்குப் பகையல்ல. பாறையடியைத் துருவி மடுவை ஆழமாக்குவதே வெள்ளம்தான். கரையில் நீர்மருதும் நாவலும் புங்கனும் வேர்விட்டு நின்றால் வெள்ளம் மடுவைத் தோண்டும். அவை இல்லாவிட்டால் கரையை அரிக்கும்.

சாத்தனூருக்குக் கீழே திருக்கோவிலூர் வரை வைகாசியில் நீர் மிஞ்சும் ஒவ்வொரு மடுவையும் பட்டியலிட வேண்டும். ஊர்க்காரர்களிடம் அவற்றுக்குப் பெயரும் ஆழமும் இருக்கும். ஆள் முழுகிச் செத்த கதையும் இருக்கும். அந்த மடுக்களைச் சுற்றி மணல் அள்ளக் கூடாது. கோடையில் மீன் பிடிக்கக் கூடாது. அணையிலிருந்து கோடையில் கொஞ்சமேனும் நீர் ஆற்றுக்கென்றே விடப்பட வேண்டும். துங்கை ஆற்றில் சிருங்கேரி மடத்துத் துறையில் மீனை யாரும் பிடிப்பதில்லை. பெரிய பெரிய மீன்கள் படியோரம் வந்து மொய்க்கின்றன. மணலூர்பேட்டைத் துறையையும் அதுபோல மீனுக்கு விட்டுவிட அண்ணாமலையார் கோயில் முன்கை எடுத்தால் ஊர் மறுக்காது என்று நினைக்கிறேன்.

பட்டியல் எடுப்பவர்கள் நீர்நாயை நேரில் பார்க்கக் காத்திருக்க வேண்டியதில்லை. அது பெரும்பாலும் விடியலிலும் அந்தியிலும்தான் நடமாடும். மடுவின் ஓரத்துப் பாறைத் தலைகளைப் பாருங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எச்சமிட்டு, இது எங்கள் எல்லை என்று அண்டைக் குடும்பத்துக்கு அறிவிப்பது நீர்நாயின் வழக்கம். எச்சம் முழுக்க மீன் செதிலும் முள்ளுமாக இருந்தால் மென்மயிர் இனமாக இருக்கலாம்; மலையோடையில் நண்டு ஓட்டுத் துணுக்குகளாகவே இருந்தால் சிறுநக இனத்தை நினையுங்கள். ஈரமணலில் காலடியைப் பாருங்கள். நாயின் தடத்தில் நான்கு விரல். நீர்நாயின் தடத்தில் ஐந்து. கீரிக்கும் ஐந்து விரல் பதியக்கூடும், ஆனால் அது மிகச் சிறியது, விரல்களுக்கு நடுவே சவ்வின் கோடு இராது. பக்கத்தில் மணல் அமுங்கிப் புரண்ட தடம் இருந்தால் ஐயம் இன்னும் குறையும். ஒரு அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். தேதியையும், மடுவின் பெயரையும், அன்று நீர் எத்தனை முழம் நின்றது என்பதையும் எழுதி வனச்சரக அலுவலகத்தில் கொடுங்கள். தடயம் எதுவும் இல்லாத மடுவின் ஆழத்தையும் சேர்த்தே எழுத வேண்டும்.